கழுவினால் மட்டும் போதாது: ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களின் ஃபில்லாக்ஸெரா விதிகள், புதியவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர், நாலைந்து ஏக்கரில் சொந்தமாகக் கொடி போட நினைப்பவர், அறுவடை இயந்திரத்தோடு மாநிலம் மாநிலமாகப் போகும் ஒப்பந்தக்காரர், யாராக இருந்தாலும் வாசலிலேயே ஒரு கேள்வி வரும்: "இதற்கு முன் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்?" சும்மா பேச்சுக்காகக் கேட்பதில்லை. உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் உள்ளே விடுவதா, பூட்ஸைக் கழற்றச் சொல்வதா, வண்டியைத் திருப்பி அனுப்புவதா என்று முடிவாகும்.

எல்லாம் ஃபில்லாக்ஸெரா என்ற ஒரு வேர்ப்பூச்சிக்காக. விதிகள் பார்க்க நிறைய இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அழுக்கைக் கழுவுவது ஒரு வேலை, பூச்சியைக் கொல்வது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

பூச்சியைப் பற்றித் தெரிய வேண்டியது

அசுவினி இனத்துக்கு நெருங்கிய பூச்சி. பூர்வீகம் வட அமெரிக்கா. 1860களில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்து ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. ஆஸ்திரேலியாவில் முதலில் தென்பட்டது 1877இல், விக்டோரியாவின் ஜீலாங் நகருக்குப் பக்கத்தில். வளர்ந்த பூச்சி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்தான், வெறுங்கண்ணுக்குச் சிந்திய மஞ்சள்தூள் மாதிரி இருக்கும், அதுவும் வெளிச்சம் சரியாக விழுந்தால். நம் விதிகள் எல்லாம் இந்தக் குஞ்சைக் குறிவைத்தவை. வேரை விட்டு மண்ணுக்கு மேலே ஏறி, கொடியில் நடமாடி, இலையிலும் பழக்குலையிலும் ஒட்டிக்கொண்டு வேறிடம் போவது அதுதான். சாப்பாடு இல்லாமலே 8 நாள் வரை உயிரோடிருக்கும். விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் திங்கட்கிழமை ஒட்டிக்கொண்டது அடிலெய்டு பக்கம் வெள்ளிக்கிழமை உயிரோடு இறங்க நேரம் தாராளமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இருப்பவை பெரும்பாலும் பெண் பூச்சிகள். ஆண் இல்லாமலே முட்டையிடும். ஆகவே ஒரே ஒரு குஞ்சு போய்ச் சேர்ந்தால்கூடப் போதும். தானாகப் பரவினால் ஆண்டுக்கு 100 முதல் 200 மீட்டர் நகரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டுவது மனிதர் கையால்தான்: பூட்ஸ், டிராக்டர், பழப் பெட்டி, நாற்று.

பூச்சி ஏறிய தோட்டத்திலிருந்து அதை மருந்தடித்து ஒழிக்க வழி இல்லை. சொந்த வேரில் நிற்கும் ஐரோப்பியத் திராட்சைக் கொடி ஐந்தாறு ஆண்டில் செத்துப்போகும். தோட்டத்தைப் பிடுங்கி, அமெரிக்கத் திராட்சை வழிவந்த, எதிர்ப்புச் சக்தியுள்ள வேர்ச்செடிமேல் ஒட்டுக் கட்டிய கன்றுகளை நடுவதுதான் ஒரே தீர்வு. தென் ஆஸ்திரேலியாவில் இந்தப் பூச்சி இதுவரை இல்லை. அங்கே கொடிகளில் பெரும்பாலானவை சொந்த வேரில் நிற்பவை. பரோசா பள்ளத்தாக்கில் 1843இல் நட்ட ஷிராஸ் ரகத் திராட்சைக் கொடி இன்னும் காய்க்கிறது. அந்த மாநிலம் 1899இலேயே ஃபில்லாக்ஸெராவுக்கென்று தனிச் சட்டம் போட்டது. எல்லையில் அவர்கள் காட்டும் கெடுபிடியை அதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒட்டுக்கன்று பற்றி ஓர் எச்சரிக்கை. எதிர்ப்புச் சக்தியுள்ள வேரிலும் பூச்சி வாழும். செடி சாகாது, அவ்வளவுதான். ஆகவே பச்சைப்பசேலென்று இருக்கும் ஒட்டுத் தோட்டம் பூச்சிக்கு நல்ல மறைவிடம். "இங்கே எல்லாம் ஒட்டுக்கன்று, கவலையில்லை" என்று யாராவது சொன்னால், அவர் தோட்டத்தைப் பற்றிக் கவலையில்லை என்பதே பொருள். உங்கள் பூட்ஸைப் பற்றிக் கவலை இருக்கிறது.

முதல் படி: வரைபடம்

பூட்ஸைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். நாடு மூன்று வகை மண்டலமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

தொற்று மண்டலம் என்பது பூச்சி இருப்பது உறுதியான பகுதி. ஐய மண்டலம் என்பது இருக்கிறதா இல்லையா என்று முறையாகச் சோதித்துப் பார்க்காத பகுதி. தூய மண்டலம் என்பது சோதித்து இல்லை என்று கண்டறிந்த அல்லது வரலாற்றிலேயே இல்லாத பகுதி. பலகைகளிலும் படிவங்களிலும் இவை முறையே பி.ஐ.இஸட், பி.ஆர்.இஸட், பி.இ.இஸட் என்ற சுருக்கெழுத்தாகவே இருக்கும். ஓர் எழுத்து மாறினால் விதி தலைகீழாகிவிடும் என்பதால் படிவம் நிரப்பும்போது நிதானம் தேவை.

தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றும் முழுக்கத் தூய மண்டலம். விக்டோரியாவில் மூன்று வகையும் உண்டு; யாரா பள்ளத்தாக்கை உள்ளடக்கிய மரூண்டா, ரதர்கிளென் இருக்கும் வடகிழக்கு, நகாம்பி ஆகியவை தொற்று மண்டலங்கள். நியூ சவுத் வேல்ஸில் சிட்னி சுற்றுவட்டாரமும் ஆல்பரி–கொரோவா பகுதியும் தொற்று மண்டலங்கள்.

எல்லைக்கோடு நிலையானதல்ல. யாராவில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது 2006இல். அதன் பிறகு அந்த மண்டலம் பலமுறை விரிந்திருக்கிறது. போன பருவத்தில் பதிவிறக்கிய வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அந்தந்த மாநில வேளாண் துறையின் தளத்தில் அன்றைய வரைபடத்தைத் திறந்து, புறப்படும் தோட்டத்தையும் போய்ச்சேரும் தோட்டத்தையும் பெயரால் தேடாமல் முகவரியால் தேடுங்கள். ஒயின் பிராந்தியத்தின் பெயரும் மண்டலத்தின் எல்லையும் ஒன்றாகப் பொருந்துவதில்லை. ஒரே சாலையின் இருபுறமும் இரு மண்டலமாக இருக்கலாம்.

பிறகு திசை. தூய மண்டலத்திலிருந்து தொற்று மண்டலத்துக்குப் போவது எளிது. சிக்கல் திரும்பி வருவதில். ஒரே நாளில் பல தோட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தால் தூயது முதலில், ஐயம் அடுத்து, தொற்று கடைசி என்று வரிசையை அமையுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இது ஒன்றுதான்.

ஒரு தொற்று மண்டலத்திலிருந்து இன்னொரு தொற்று மண்டலத்துக்குப் போகும்போதும் கட்டுப்பாடு உண்டு. புதியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் இந்தப் பூச்சியின் 83 மரபு வகைகள் இனங்காணப்பட்டிருக்கின்றன. ஒன்று வேரை லேசாகக் கடிக்கும், இன்னொன்று தோட்டத்தையே சாய்க்கும், ஒரு வேர்ச்செடி ஒன்றைத் தாங்கும், இன்னொன்றைத் தாங்காது. கலிபோர்னியாவில் ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியை நம்பிப் பெரும் பரப்பில் நட்டார்கள். 1980களில் அதைத் தின்னத் தெரிந்த வகை பரவி, தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று.

இரண்டாம் படி: பூட்ஸும் கைக்கருவியும்

தினமும் செய்ய வேண்டியது இதுதான், அதிகம் சொதப்புவதும் இதில்தான். தேவையானவை: இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், கடினமான தூரிகை, பூட்ஸ் அடியின் பள்ளத்தில் நுழையும் அளவுக்கு மெல்லிய ஸ்குரூ டிரைவர் அல்லது குச்சி, அளவு குவளை, ரப்பர் கையுறை, கண்ணாடி, கடிகாரம், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். கடைசியாகச் சொன்னதைத்தான் பிளீச் என்றும் நீச்சல் குளத்துத் திரவக் குளோரின் என்றும் விற்கிறார்கள்.

கரைசலில் குளோரின் 2 சதவீதம் இருக்க வேண்டும். கணக்கு எளிது: தேவையான லிட்டரை 2ஆல் பெருக்கி, லேபிளில் உள்ள சதவீதத்தால் வகுத்தால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று வரும். 12.5 சதவீதக் குளத்துக் குளோரினில் 10 லிட்டர் கரைசல் செய்ய 1.6 லிட்டர் குளோரினும் 8.4 லிட்டர் தண்ணீரும். 4 சதவீத வீட்டு பிளீச் என்றால் பாதிக்குப் பாதி, 5 லிட்டரும் 5 லிட்டரும். லேபிளில் லிட்டருக்கு 125 கிராம் என்று போட்டிருந்தால் அது 12.5 சதவீதம்தான். நறுமணமும் சோப்பும் சேர்த்த கெட்டியான பிளீச்சை வாங்காதீர்கள்.

செய்முறை இப்படி:

1. கொடி வரிசையை விட்டு வெளியே வந்ததும், கெட்டியான தரையில் நின்று, பூட்ஸ் அடியில் உள்ள மண்ணைக் குச்சியால் நோண்டி எடுங்கள். நாக்கு மடிப்பு, லேஸ் துளை, தையல் ஓரம் எல்லாவற்றிலும் இலைத்துண்டு இருக்கும்.

2. முதல் தொட்டியில் வெறும் தண்ணீரும் தூரிகையும். தேய்த்துக் கழுவுங்கள். பூட்ஸின் நிறம் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக வேண்டும்.

3. வடிய விடுங்கள். சொட்டச்சொட்ட அடுத்த தொட்டியில் இறக்கினால் ஒவ்வொரு ஜோடியும் கரைசலை நீர்க்கச் செய்யும்.

4. இரண்டாம் தொட்டியில் பூட்ஸ் முழுக்க மூழ்கி 60 நொடி இருக்க வேண்டும். கடிகாரம் பார்த்து 60. அடி மட்டும் நனைந்தால் கணக்கில்லை. மேல்பகுதியில்தான் இலையோடு உரசிய குஞ்சு இருக்கும். கத்தரிக்கோல், வாளி, மண்வெட்டித் தலை எல்லாம் இதே தொட்டியில், இதே நேரம்.

5. எடுத்தபின் தண்ணீரில் அலசாதீர்கள். அப்படியே காயட்டும்.

மண்ணைக் கழுவாமல் நேராகக் குளோரினில் இறக்குவதுதான் பொதுவான தவறு. குளோரின் மண்ணிலும் இலையிலும் உள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து தன் சக்தியைச் செலவழித்துவிடும். பூச்சிக்கு மிஞ்சுவது பழுப்புத் தண்ணீர்தான். இன்னொன்று, காலையில் கலந்ததை மூன்று நாள் வெயிலில் வைத்துப் பயன்படுத்துவது. வெயிலும் சூடும் குளோரினைக் குறைத்துவிடும். தினமும் புதிதாகக் கலக்குங்கள்; நடுவில் கலங்கலாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். கேனை நிழலில் வைத்து, வாங்கிய தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஒரு வருடம் கொட்டகையில் கிடந்த கேனில் லேபிள் சொல்லும் சதவீதம் இருக்காது.

மெத்திலேட்டட் ஸ்பிரிட், ஆல்கஹால் ஜெல், பொதுவான கிருமிநாசினி தெளிப்பான் ஆகியவற்றைக் குளோரினுக்குப் பதிலாக வைக்காதீர்கள். வேறு நோய்களுக்கு அவை உதவலாம். இந்தப் பூச்சிக்கு விதிமுறை ஏற்பது 2 சதவீதக் குளோரினைத்தான்.

பாதுகாப்பு விஷயம் இரண்டு. ஒயின் ஆலையில் சிட்ரிக், டார்டாரிக் அமிலப் பைகள் எப்போதும் கிடக்கும். பிளீச் அவற்றோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். இரண்டாவது, குளோரின் தொட்டியைப் பீப்பாய்க் கூடத்தின் வாசலில் வைத்தால் ஆலைக்காரர் உங்களைத் துரத்துவார், நியாயமாகத்தான். குளோரினும் மரமும் பூஞ்சையும் சேர்ந்தால் டி.சி.ஏ. என்ற சேர்மம் உருவாகி ஒயினில் நனைந்த அட்டை வாடையை ஏற்றிவிடும். தொட்டியின் இடம் தோட்ட வாசல். ஆலை வாசல் அல்ல.

தோல் பூட்ஸ் குளோரினில் சீக்கிரம் வெடிக்கும், கத்தரிக்கோல் துருப்பிடிக்கும். ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். கத்தரிக்கோலுக்குக் காய்ந்தபின் எண்ணெய் போடுங்கள். எல்லாவற்றையும் விட எளிய வழி, தோட்டத்துக்கென்று தனி பூட்ஸும் கருவியும் வைத்து அவற்றை வெளியே கொண்டுபோகாமலே இருப்பது. வசதியுள்ள தோட்டங்கள் விருந்தினருக்கும் பூட்ஸ் கடன் கொடுக்கின்றன.

உடையும் வண்டியும்

கோடையில் குஞ்சுகள் கொடியின் மேற்பகுதியில் நடமாடும்; அறுவடையும் அப்போதுதான். சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் இலையில் உரசியிருக்கும். தொற்று அல்லது ஐய மண்டலத்தில் வேலை செய்தால் கிளம்பும் முன் உடை மாற்றி, அழுக்கை மூடிய பையில் போட்டு, சுடுதண்ணீரில் துவைத்து, டிரையரில் நன்றாகக் காயவையுங்கள். தொப்பியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

சொந்தக் காரை வரிசைக்குள் ஓட்டாதீர்கள். கெட்டியான தரையில் நிறுத்தி, உள்ளே போக அந்தத் தோட்டத்தின் வண்டியைக் கேளுங்கள். ஓட்டியே ஆக வேண்டுமென்றால், சக்கர வளைவு, அடிப்பகுதி, மிதியடி மூன்றையும் வெளியேறும் முன் சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாம் படி: இயந்திரம்

அறுவடை இயந்திரம், டிராக்டர், தெளிப்பான், உழவுக் கருவி, பழம் ஏற்றும் பெட்டி எல்லாம் இந்த வகை. அறுவடை இயந்திரம்தான் மோசமானது. கொடியை உலுக்கும் கம்பிகள், கன்வேயர் கிண்ணங்கள், விசிறிக் கூடு, சட்டத்தின் உட்குழிவு என்று ஒளிய நூறு இடம். தொற்று அல்லது ஐய மண்டலத்திலிருந்து தூய மண்டலத்துக்குப் போக வேண்டுமென்றால் கழுவியதோடு முடியாது; சூடு காட்ட வேண்டும்.

புறப்படும் தோட்டத்திலேயே, கொடியிலிருந்து தள்ளி, கழிவுநீர் வரிசைக்குள் ஓடாத கெட்டித் தரையில் கழுவுங்கள். மேலிருந்து கீழாக. மூடிகளைக் கழற்றுங்கள், கழற்றாத மூடிக்குப் பின்னால் ஒரு கைப்பிடி இலைச்சக்கை கட்டாயம் இருக்கும். ரேடியேட்டர், டயர் இடுக்கு, கருவிப் பெட்டி, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே உள்ள மிதியடி என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆய்வாளர் முதலில் பார்ப்பதும் கருவிப் பெட்டியைத்தான்.

பிறகு நன்றாகக் காயவிடுங்கள். ஈரமான இயந்திரத்தைச் சூட்டுக் கொட்டகையில் ஏற்றினால், நீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்தே இருக்கும். கொட்டகையின் வெப்பமானி 45 காட்டும், குழிவுக்குள் 38தான் இருக்கும். கொட்டகைக் காற்று உலர்ந்திருப்பதும் முறையின் ஒரு பகுதி.

தேவையான சூடு: 45 டிகிரி செல்சியஸில் 75 நிமிடம், அல்லது 40 டிகிரியில் 2 மணி நேரம். இந்த நேரம் ஹீட்டரைப் போட்ட நிமிடத்திலிருந்து தொடங்குவதில்லை. இயந்திரத்தின் மிகக் குளிர்ந்த பகுதி அந்த வெப்பத்தைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கனமான இரும்புச் சட்டம், தரைக்கு அருகே உள்ள அச்சு, பெட்டிகளின் உட்புறம் ஆகியவை கடைசியில்தான் சூடாகும். உணரிகளை அங்கே பொருத்துங்கள், காற்றில் தொங்கவிடாதீர்கள். நடுவில் கதவைத் திறந்து வெப்பம் இறங்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். பதிவுத்தாளை அச்சிட்டு வையுங்கள். சான்றிதழுக்கு அதுதான் ஆதாரம்.

வெளியே எடுத்த இயந்திரம் மறுபடி கொடி வரிசைப் பக்கம் போகக்கூடாது. நேராக லாரியில் ஏற வேண்டும். அந்த லாரியின் தளத்தையும் பாருங்கள்: போன பயணத்தின் மண் அதில் காய்ந்து கிடந்தால் 75 நிமிடச் சூடும் வீண். கட்டும் சங்கிலி, பட்டை, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை எல்லாமே இதில் சேர்த்தி.

பழைய கம்பங்கள், கம்பி, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றை மலிவாக விற்கிறார்கள் என்று வேறு மண்டலத்திலிருந்து வாங்கும் ஆசை சிறு விவசாயிகளுக்கு அடிக்கடி வரும். கம்பத்தின் அடி அரை மீட்டர் மண்ணில் இருந்தது. விரிசலுக்குள் மண்ணும் வேர்த்துணுக்கும் இருக்கும். இவையும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எங்கள் கருத்து, வாங்கவே வேண்டாம்.

நான்காம் படி: காகிதம்

மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது நுழைவு நிபந்தனையை விதிப்பது போய்ச்சேரும் மாநிலம். புறப்படும் மாநிலத்தின் அதிகாரியிடம் "கொண்டுபோகலாமா" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்புவது அரை வேலை. முதல் தொலைபேசி அழைப்பு போய்ச்சேரும் மாநிலத்துக்கு, இரண்டாவது புறப்படும் மாநிலத்துக்கு. விக்டோரியாவின் தொற்று மண்டலத்திலிருந்து பொருள் வெளியேற அந்த மாநிலத்துக்குள்ளேயே பெர்மிட் தேவைப்படும்.

சான்றிதழ் இரண்டு வகை. புறப்படும் மாநிலத்தின் அரசு ஆய்வாளர் நேரில் பார்த்துத் தருவது தாவர நலச் சான்றிதழ். அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம், வரையறுத்த நடைமுறைப்படி தானே செய்து தானே எழுதித் தருவது தாவர நல உறுதிச் சான்றிதழ். அறுவடைப் பருவத்தில் ஆய்வாளருக்காகக் காத்திருக்க நேரிடும். நாளைக்கு லாரி வைத்துக்கொண்டு இன்றைக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். அடிக்கடி எல்லை தாண்டும் ஒப்பந்தக்காரருக்கு அங்கீகாரம் பெறுவதுதான் கட்டுப்படியாகும்.

காகிதத்தில் வழக்கமாக எது தவறும்? இயந்திரத்தின் தொடர் எண்ணில் ஓர் எழுத்துப் பிழை. சான்றிதழில் இயந்திரம் மட்டும் இருக்க, லாரியில் இரண்டு பழப் பெட்டிகள் கூடுதலாக இருப்பது. நேற்று சூடு காட்டிய தேதிக்கு முந்தைய தேதியில் சான்றிதழ். மூலச் சான்றிதழ் அலுவலகத்தில், ஓட்டுநர் கையில் கைபேசிப் படம். ஏற்றும் இடத்தில் நின்று, லாரியில் உள்ளதையும் காகிதத்தில் உள்ளதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் இவை அனைத்தும் அங்கேயே சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: கன்று, குச்சி, பழம்

நடுவதற்குக் கன்று வாங்கினால் அங்கீகாரம் பெற்ற நாற்றங்காலில் சான்றிதழோடு வாங்குங்கள். உறக்கநிலையில் உள்ள குச்சிகளை 50 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் மூழ்கவைப்பது வழக்கமான சிகிச்சை. கட்டின் நடுவில் உள்ள குச்சி 50ஐத் தொட வேண்டும், ஆகவே கட்டு பெரிதாக இருக்கக்கூடாது. முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் ஆறவைக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி கூடினாலோ, குச்சி முழு உறக்கத்தில் இல்லாவிட்டாலோ மொட்டு வெந்துபோகும், வசந்தத்தில் துளிர் வராது. வீட்டுக் குளியல் தொட்டியில் முயன்று பார்க்கிற வேலை அல்ல.

நண்பர் வீட்டுப் பந்தலில் நன்றாகக் காய்க்கிறதே என்று ஒரு குச்சியை ஒடித்துக் காரில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டுவதும் இதே சட்டத்துக்குள் வரும். கொல்லையில் நிற்கும் ஒற்றைக் கொடிக்கு விலக்கு இல்லை.

அறுவடை செய்த பழத்திலும் குஞ்சு இருக்கும், நசுக்கிய கூழிலும் இருக்கலாம், பிழிந்த சக்கையை உரமாகக் கொண்டுபோவதிலும் ஆபத்து உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனி நிபந்தனை வைத்திருக்கிறது. பாட்டிலில் அடைத்த ஒயினுக்கு இந்தக் கவலை கிடையாது. சாலை வழியே தென் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள், விக்டோரியா எல்லையருகே யாம்பாவில் உள்ள சோதனைச் சாவடியில் பழங்களை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அது முக்கியமாகப் பழ ஈக்காக. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு நல்லர்பர் சமவெளி வழியாகப் போகிறவர்களுக்கு எல்லையில் இதே மாதிரி சோதனை உண்டு.

தோட்டம் உங்களுடையது என்றால்

தென் ஆஸ்திரேலியாவில் அரை ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் திராட்சை இருந்தால் வைன்ஹெல்த் ஆஸ்திரேலியா என்ற திராட்சைக்கொடி நல அமைப்பில் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம்.

வாசல் ஒன்றே ஒன்று இருக்கட்டும், மற்றவற்றைப் பூட்டுங்கள். பலகையில் தொலைபேசி எண்ணைப் போட்டு, அனுமதி இல்லாமல் வரிசைக்குள் வரக்கூடாது என்று எழுதுங்கள். வாசலில் வருகைப் பதிவேடு: தேதி, பெயர், வண்டி எண், கடைசியாகப் போன தோட்டம், உள்ளே எந்தப் பகுதிக்குப் போனார். இந்தக் கடைசிப் பத்திதான் பின்னால் உதவும். பூச்சி வந்து அறிகுறி தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம் என்பதால் பதிவேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒப்பந்தக்காரர் "கழுவித்தான் கொண்டுவந்தேன்" என்று சொன்னால் சான்றிதழைக் கேளுங்கள், பிறகு நீங்களே டார்ச் எடுத்துக்கொண்டு பாருங்கள். ஓர் இலை கிடைத்தாலும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். அறுவடை நெருக்கடியில் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கும். அதனால்தான் ஒப்பந்தம் எழுதும்போதே இந்த நிபந்தனையைச் சேர்த்துவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால்

கோடை முடிவிலிருந்து இலையுதிர் காலம் வரை வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று கொடிகள் மற்றவற்றுக்கு முன்பே மஞ்சளாகி, துளிர் குட்டையாகி நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டு அடுத்த ஆண்டு வட்டமாக விரிந்தால் ஐயம் பலமாகிறது. தண்ணீர்க் குறைவு, சத்துக் குறைபாடு, வேர் அழுகலும் இதே தோற்றம் தரும் என்பதால் இலையை வைத்து முடிவு செய்ய முடியாது. செத்த கொடியின் அடியில் தோண்டிப் பயனில்லை. பூச்சி தின்ன ஏதுமில்லாமல் நகர்ந்திருக்கும். திட்டின் ஓரத்தில், வாடத் தொடங்கிய கொடியின் அடியில் மெல்லிய வேர்களை மெதுவாக எடுத்துப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். இளவேரின் நுனி கொக்கிபோல் வளைந்து வீங்கியிருப்பது அடையாளம்; மஞ்சள் பூச்சிகள் அந்த வளைவுக்குள் கூட்டமாக இருக்கும்.

இருந்தால் வேரைப் பையில் போட்டுக்கொண்டு ஊரில் யாரிடமாவது காட்டக் கிளம்பாதீர்கள். அங்கேயே மண்ணை மூடிவிட்டு, பயன்படுத்திய மண்வெட்டியையும் பூட்ஸையும் குளோரினில் 60 நொடி போட்டு, தாவரப் பூச்சிகளுக்கான தேசிய இலவச எண் 1800 084 881க்கு அழையுங்கள். தெரிவிப்பது சட்டப்படி கடமை. திட்டு இருக்கும் பகுதி எண், நட்ட ஆண்டு, ஒட்டுக்கன்றா சொந்த வேரா, ஒட்டு என்றால் எந்த வேர்ச்செடி, கடந்த மூன்று ஆண்டில் உள்ளே வந்த இயந்திரங்களின் பட்டியல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை வேகமாக நடக்கும். ஆய்வாளர் வரும்வரை அந்தப் பகுதியில் உழவும் கத்தரிப்பும் வேண்டாம். தெளிப்பு தவிர்க்க முடியாவிட்டால் அந்த வரிசைகளைக் கடைசியாக வைத்து, டிராக்டரை அங்கிருந்து நேராகக் கழுவும் தளத்துக்குக் கொண்டுபோங்கள்.